பன்றிக்கு வைத்த கல்: என் பழைய கட்டுரைக்கு நானே எழுதும் மறுப்பு

எட்டு வருடம் முன்னால் இதே தளத்தில் குறிஞ்சித் திணை பற்றி ஒரு கட்டுரை எழுதியிருந்தேன். பழைய வாசகர்கள் சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். சாரம் இதுதான்: சங்கத் தமிழர் விலங்குகளோடு இணக்கமாக வாழ்ந்தார்கள், பயிரைத் தின்ன வந்த பன்றியைக்கூட பகையாகப் பார்க்கவில்லை, மோதல் எல்லாம் நாம் காட்டை அழித்த பிறகு வந்தது. இந்தத் தளத்தில் அதிகம் பகிரப்பட்ட பதிவுகளில் அதுவும் ஒன்று. இன்றைக்கும் யாராவது வாட்சப்பில் எனக்கே அனுப்பி வைக்கிறார்கள், எழுதியது நான்தான் என்று தெரியாமல்.

அந்தக் கட்டுரை தப்பு. பாட்டைச் சரியாகப் படிக்காமல் எழுதியது. எங்கே தப்பினேன் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதலில் இதை எழுத வைத்த சங்கதி. எங்கள் ஊர் செங்கம் பக்கம், ஜவ்வாது மலை அடிவாரம். மல்லாட்டை, கேவுரு, கொஞ்ச வருடமாக மக்காச்சோளம். போன முறை ஊருக்குப் போனபோது சித்தப்பாவின் மல்லாட்டைக் கொல்லையில் கால் பங்கு புரட்டிப் போட்டுக் கிடந்தது. பன்றி தின்றது கொஞ்சம், மூக்கால் கிளறிப் பாழாக்கியது நிறைய. ஏர் ஓட்டின மாதிரி இருந்தது. சுற்றிலும் பழைய புடவை கட்டியிருந்தார், சலூனில் இருந்து முடி கொண்டுவந்து தூவியிருந்தார். முதல் வாரம் வேலை செய்ததாம். அப்புறம் பன்றிக்குப் பழகிவிட்டது.

கொல்லை ஓரத்தில் புதுசாக ஒரு சுருள் கம்பி கிடந்ததைப் பார்த்தேன். எதுக்கு என்று கேட்டேன். மோட்டார் கொட்டகையில் இருந்து லைன் இழுத்துக் கட்டப்போவதாகச் சொன்னார். "இன்னா பண்றது? நீ படிச்சவன், நீயே சொல்லு" என்றார். அவரிடம் போய் இணக்கம் பற்றிப் பேச எனக்கு வாய் வரவில்லை. பெங்களூருக்குத் திரும்பி வந்து அந்தப் பழைய கட்டுரையைத் திறந்து படித்தேன். கூச்சமாக இருந்தது.

என் கட்டுரை முழுக்க நற்றிணை 98-ஆம் பாட்டின் மேல்தான் நின்றது. உக்கிரப் பெருவழுதி பாடியது. முள்ளம்பன்றி முள் மாதிரி பிடரி மயிரும் சின்னக் கண்ணும் உள்ள ஒரு பன்றி மலைப்புனத்துக்கு மேய வருகிறது. ஒரு சந்து வழியாக நுழையப் போகும் நேரத்தில் பக்கத்தில் பல்லி சத்தம் போடுகிறது. பன்றி மெதுவாகப் பின்வாங்கித் தன் கல் குகைக்கே போய்ப் படுத்துக்கொள்கிறது. அப்படிப்பட்ட நாட்டுக்காரன் நம் தலைவன் என்று பாட்டு போகிறது.

இதை வைத்து நான் எழுதியது: "பல்லி சொன்னால் பன்றியே கேட்கும் உலகம் அது. சகுனம் மனிதனுக்கும் பன்றிக்கும் பொது." இந்த வாக்கியத்துக்கு அப்போது ஏகப்பட்ட பாராட்டு வந்தது.

நான் விட்டது ஒரே ஒரு சொல். பொறி. பன்றி நுழையப் பார்த்த அந்தச் சந்து சும்மா திறந்து கிடக்கவில்லை. அங்கே பொறி வைத்திருக்கிறது. பாட்டிலேயே இருக்கிறது, நானும் படித்தேன், சுருக்கம் எழுதும்போது விட்டுவிட்டேன். வேண்டுமென்றே விடவில்லை. என் கருத்துக்கு அது தேவைப்படவில்லை, அதனால் கண்ணில் படவில்லை. கோட் எழுதுகிறவர்களுக்கு இது தெரிந்த வியாதிதான். நமக்குப் பிடித்த விடை வந்துவிட்டால் மிச்ச டெஸ்டை ஓட்டிப் பார்க்க மாட்டோம்.

பொறியைச் சேர்த்துப் படித்தால் பாட்டு வேறு மாதிரி ஆகிவிடுகிறது. பன்றி திரும்பிப் போனது இணக்கத்தால் இல்லை. இன்னும் ஓர் அடி வைத்திருந்தால் செத்திருக்கும். பல்லி அதைக் காப்பாற்றியது. தலைவனும் அப்படித்தான், தூங்காத காவலர் அசரும் நேரம் பார்த்துத் தலைவியின் வீட்டுக்கு ராத்திரியில் வருகிறவன். அவனுக்கும் அங்கே ஒரு பொறி காத்திருக்கிறது என்பது தலைவி தரப்பின் பயம். பன்றிக்கு உயிர்ப்பயம் இல்லை என்றால் இந்த உவமைக்கே வேலை இல்லை. நான் கவிதையில் இருந்து அதன் எலும்பை உருவிவிட்டு, சதை எவ்வளவு மென்மை பாருங்கள் என்று காட்டியிருக்கிறேன்.

இப்போது இன்னொரு பாட்டு. நற்றிணை 119, பெருங்குன்றூர் கிழார் பாடியது. அந்தக் கட்டுரை எழுதும்போது நான் இதைப் பார்க்கவே இல்லை. தினை தின்னும் பன்றிக்காகப் புனத்துக்காரன் ஒரு கல் பொறி வைக்கிறான். பெயர் அடார். பெரிய கல்லைச் சாய்த்து நிறுத்தி, சின்ன விசை ஒன்றில் மாட்டி வைப்பது. விசை தட்டினால் கல் விழும். அந்தக் கல்லில் மாட்டுவது பன்றி இல்லை. ஒரு புலி.

பன்றி ஓடுவதைச் சொல்லும் "இரிய" என்ற சொல்லை இரண்டு விதமாக எடுக்கலாம். பன்றி ஓடவேண்டும் என்பதற்காக வைத்த பொறி என்று ஒன்று. பன்றி ஓடித் தப்பிவிட, வேறொன்று மாட்டியது என்று இன்னொன்று. எப்படி எடுத்தாலும் குறி வைத்தது ஒன்று, விழுந்தது வேறொன்று. பாட்டின் மீதியில் தோழி தலைவன் காதில் விழும்படி பேசுகிறாள்: வரட்டும், பூச்சூடி மலையடி நிழலில் வரட்டும், ஆனால் அணைப்பு கிடைக்காது, அவன் மலையைவிடப் பெரிய ஊடல்தான் கிடைக்கும். அவனும் ஒன்றை எதிர்பார்த்து வந்து வேறொன்றில் மாட்டப் போகிறான் என்றுதான் எனக்குப் படுகிறது. இது என் வாசிப்பு. வேறு மாதிரி படிக்கிறவர்கள் சொல்லுங்கள்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி வரும். கவிதையை டேட்டா மாதிரி எடுக்கலாமா? குறிஞ்சி என்றால் புலி, பன்றி, தினை, பரண் எல்லாம் கருப்பொருளாக வந்தே ஆகவேண்டிய மரபு. புலி மாட்டியது தோழியின் பேச்சுக்கு வசதியாகப் புலவர் கற்பனை செய்ததாக இருக்கலாமே?

இருக்கலாம். அதனால்தான் மூன்றாவது பாட்டு முக்கியம். மலைபடுகடாம். பத்துப்பாட்டில் ஒன்று, 583 அடி, பாடியவர் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார். (இவர் ஊரும் பெருங்குன்றூர், 119-ஐப் பாடியவர் ஊரும் பெருங்குன்றூர். இதை வைத்து நான் எதுவும் கட்டப் போவதில்லை, குறித்து வைக்கிறேன், அவ்வளவுதான்.) நன்னனிடம் பரிசு வாங்கி வருகிற கூத்தர், எதிரில் வரும் கூத்தர் கூட்டத்துக்கு வழி சொல்லும் பாட்டு. நன்னனின் ஊரான செங்கண்மா எங்கள் செங்கம்தான் என்பது பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்ட விஷயம். அதாவது எங்கள் சித்தப்பா கொல்லை இருக்கும் வட்டாரம்.

வழி சொல்லும்போது நடுவில் ஓர் எச்சரிக்கை வருகிறது. விளைந்த புனத்தைப் பன்றி பாழாக்குகிறது, அந்தப் பயத்தில் ஒவ்வொரு சந்திலும் பெரிய கல் அடாரை மாட்டி வைத்திருக்கிறார்கள், அந்த வழி பொறிகள் உள்ள வழி, ஆகவே இருட்டில் நடக்காதீர்கள், தங்கியிருந்து விடிந்த பிறகு போங்கள். அடுத்து கொஞ்சம் தள்ளி இன்னொன்று. பரண் மேல் இருந்து குறவர்கள் யானையை விரட்டக் கவணில் கல் வீசுவார்கள், அந்தக் கல் எமன் மாதிரி வரும், மரத்தின் மறைவில் ஒதுங்கிப் போங்கள்.

இங்கே காதலும் இல்லை, தலைவனும் இல்லை, உள்ளுறை தேட வேண்டிய தேவையும் இல்லை. வழிப்போக்கன் காலுக்கு வரும் ஆபத்து, அவ்வளவுதான். 119-ல் பன்றிக்கு வைத்ததில் புலி விழுகிறது. மலைபடுகடாத்தில் பன்றிக்கு வைத்ததில் மனிதன் விழுந்துவிடக் கூடாதே என்று கவலை. இரண்டு நூல், இரண்டு நோக்கம், ஒரே அனுபவ அறிவு: பொறிக்கு யார் வந்தது என்று தெரியாது. எடை பட்டதா, இல்லையா என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும்.

98-இலும் மலைபடுகடாத்திலும் பொறி இருக்கும் இடத்தையும் கவனியுங்கள். புனத்தின் நடுவில் இல்லை, சந்தில். வேலியில் எங்கே வழி இருக்கிறதோ அங்கே. நான் ஊகிப்பது, எல்லா வழியையும் அடைக்க முடியாது என்பதால், மிச்ச வழிகளில் பொறியை வைத்தார்கள். நல்ல யோசனைதான். ஆனால் பன்றிக்கு வழியாக இருப்பது மற்றவர்களுக்கும் வழிதான்.

இனி இன்றைக்கு வருவோம். கல் அடாரின் இடத்தில் இப்போது இரண்டு பொருள்கள். ஒன்று அவுட்டுக்காய், நம் பக்கம் பன்னிவெடி. தின்பண்டத்துக்குள் வெடிமருந்து வைத்து உருட்டிப் போடுவது. கடித்தால் வாய் சிதறும். 2020 மே மாதம் பாலக்காடு மாவட்டத்தில் வெள்ளியாற்றுத் தண்ணீரில் வாயை நனைத்தபடி நின்று செத்துப்போன கர்ப்பிணி யானையை எல்லோரும் டிவியில் பார்த்தோம். பன்றிகளுக்காக வைக்கிற வகை வெடி அது. அந்த யானைக்கு நாடே அழுதது. அதே வெடியில் தாடை கிழியும் பசு மாட்டுக்கு உள்ளூர்ப் பக்கத்தில் இரண்டு பத்திச் செய்தி வரும், அவ்வளவுதான்.

இன்னொன்று மின்வேலி. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே பன்றிக்காகச் சட்டவிரோதமாகப் போட்ட மின்வேலியில் மூன்று யானைகள் செத்தன. இரண்டு குட்டிகள் உயிரோடு நின்றன. 119-ஆம் பாட்டில் புலி இருக்கும் இடத்தில் யானையை வைத்துப் படித்துப் பாருங்கள்.

மின்சாரம் படித்தவன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும், ஊரில் பலருக்கு இந்த வித்தியாசம் தெரியவில்லை. சோலார் வேலி என்று விற்பதில் எனர்ஜைசர் என்ற பெட்டி இருக்கும். அது ஏறத்தாழ நொடிக்கு ஒரு தடவை, நொடியின் மிகச் சிறிய பங்கு நேரத்துக்கு மட்டும் ஷாக் கொடுக்கும். தொட்டது பயந்து கையை எடுத்துவிட நேரம் இருக்கும். நேராக லைனில் இருந்து இழுத்த 230 வோல்ட் அப்படி இல்லை. நிற்காமல் ஓடும், தசை இறுகிப் பிடித்துக்கொள்ளும், விட முடியாது. பார்வைக்கு இரண்டும் ஒரே கம்பிதான். ஒன்று விரட்டும், இன்னொன்று கொல்லும்.

என் பழைய கட்டுரையின் அடுத்த வாதம், காடு நன்றாக இருந்தபோது பன்றி ஊருக்கு வரவில்லை என்பது. இதையும் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். இந்தப் பாட்டுகளில் காட்டுக்குக் குறைவே இல்லை, பன்றியை அடிக்கப் புலியும் இருக்கிறது. அப்போதும் பன்றி புனத்துக்கு வந்தது. புனம் என்பதே காட்டை வெட்டிச் சுட்டு உண்டாக்கியது என்பதையும் மறக்கக்கூடாது. காடும் வயலும் தொடும் ஓரம் எங்கே இருக்கிறதோ அங்கே பன்றி இருக்கும். இன்றைக்கு அந்த ஓரம் ரொம்ப நீண்டுவிட்டது. மக்காச்சோளமும் கரும்பும் நின்றால் அதற்குள்ளேயே மறைந்துகொள்ளும், ஏரியில் சீமைக்கருவேலம் அடர்ந்திருந்தால் காட்டுக்குத் திரும்பவே வேண்டாம். ஓர் ஈற்றில் நாலைந்து குட்டி சாதாரணம். காடு அழிந்ததால் வந்தது என்பது பாதி உண்மை. பாதி உண்மையை வைத்துக்கொண்டு மல்லாட்டை போனவனுக்கு நான் புத்தி சொல்லியிருக்கிறேன்.

எதிர்த் தரப்பும் சரியாக எழுதவில்லை. "காட்டுப்பன்றிகள் அட்டகாசம்" என்று தலைப்புப் போட்டால் என்ன புரிகிறது? எந்தப் பயிர், எந்த மாதம், காட்டில் இருந்து எத்தனை கிலோமீட்டர், எதுவும் இருக்காது. தூரம் ஏன் முக்கியம் என்றால், தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் போட்ட உத்தரவே தூரத்தை வைத்துத்தான் இருக்கிறது. காப்புக்காட்டில் இருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுடக்கூடாது. ஒன்றில் இருந்து மூன்று வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். மூன்றுக்கு மேல் போனால் வனத்துறையினர் சுடலாம். விவசாயி தானே கொல்ல அதில் இடமில்லை. எங்கள் கொல்லை முதல் ஒரு கிலோமீட்டருக்குள் வருகிறது. அதாவது பன்றி அதிகம் வரும் இடத்தில் இந்த உத்தரவால் பலன் குறைவு. காட்டோரத்தில் சுட ஆரம்பித்தால் எங்கே போய் முடியும் என்ற பயமும் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த ஒரு கிலோமீட்டரில் இருப்பவர்களுக்கு என்ன பதில் என்று கேட்காமல் விட முடியவில்லை. அந்தப் பதில் இல்லாத இடத்தில்தான் கம்பிச் சுருள் வருகிறது.

மலைபடுகடாத்தை நான் மதிக்கிற காரணம் இங்கேதான். சில அடிகளில் அந்தப் புலவர் நான்கு வேலை செய்கிறார். பொறி ஏன் வந்தது என்று சொல்கிறார், பயிர் பாழாவதால். எங்கே இருக்கிறது என்று சொல்கிறார், சந்துகளில். எப்போது ஆபத்து என்கிறார், இருட்டில். என்ன செய்ய வேண்டும் என்கிறார், விடியும் வரை பொறு. பன்றியைத் திட்டவில்லை, பொறி வைத்தவனையும் திட்டவில்லை, வழிப்போக்கனின் உயிரையும் விடவில்லை. மூன்று தரப்பின் கஷ்டமும் அதற்குள் இருக்கிறது. என் கட்டுரையில் பன்றி மட்டும் இருந்தது. செய்தித் தலைப்பில் விவசாயி மட்டும் இருக்கிறான். நடந்து போகிறவன் இரண்டிலும் இல்லை.

ஆனால் அந்த அறிவுரையின் கடைசிப் பகுதி இன்றைக்குச் செல்லாது. விடிந்த பிறகு போ என்கிறது பாட்டு. எங்கள் பக்கம் மும்முனை மின்சாரம் முறை வைத்து வரும். ராத்திரி முறை வந்தால் ராத்திரிதான் மோட்டார் போட வேண்டும். டார்ச்சைப் பிடித்துக்கொண்டு வரப்பில் போவது யார்? அதே விவசாயி, இல்லை பக்கத்துக் கொல்லைக்காரர், இல்லை லீவுக்கு வந்த பிள்ளை.

இதைத்தான் சித்தப்பாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். பாட்டைப் பற்றியும் சொன்னேன், சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. செங்கம் பற்றின பாட்டு என்றதும் கவனமாகக் கேட்டார். கடைசியில், "அந்தப் பாட்டுல மனுசன் யாராச்சும் மாட்டிக்கினானா?" என்றார்.

இல்லை, மாட்டக்கூடாது என்றுதான் முன்கூட்டியே சொல்கிறார்கள் என்றேன்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "உங்கப்பாதான் ராவுல மோட்டார் போடப் போறாரு, என் கொல்லை வழியாத்தான்" என்றார். அது எனக்குத் தோன்றவே இல்லை. எங்கள் கிணற்றுக்குப் போக அவர் வரப்பைத் தவிர வேறு வழி கிடையாது.

கம்பி இன்னும் கொட்டகையில்தான் இருக்கிறது. லைன் கொடுக்கவில்லை. எனர்ஜைசர் வாங்க நான் பாதி பணம் தருவதாகச் சொல்லியிருக்கிறேன், பக்கத்துக் கொல்லைக்காரர்களும் சேர்ந்தால் சுற்றளவு குறைந்து செலவு குறையும் என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். சேருவார்களா என்று தெரியாது. பன்றி அதற்குள் ஒரு தடவை வந்துவிட்டுப் போய்விட்டது.

பழைய கட்டுரையை அழிக்கவில்லை. அழித்தால் வாட்சப்பில் சுற்றுவது நிற்காது, திருத்தம் மட்டும் இல்லாமல் போகும். மேலே இந்தப் பதிவுக்கு இணைப்புக் கொடுத்து, நற்றிணை 98-ல் பொறியை விட்டுவிட்டேன் என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். கல்லைச் சாய்த்து வைக்கும் இந்த மாதிரிப் பொறியை உங்கள் ஊர்ப் பெரியவர்கள் யாராவது பார்த்திருக்கிறார்களா? என்ன பெயர் சொல்கிறார்கள்? அடார் என்ற சொல்லோ, அதை ஒட்டிய சொல்லோ எங்காவது புழக்கத்தில் இருந்தால் ஊர்ப் பெயரோடு எழுதுங்கள். எங்கள் அப்பாவுக்குத் தெரியவில்லை. மலை மேல் கேட்டுச் சொல்கிறேன் என்றார். பகலில் போங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.